இரண்டு தட்டினால் இருட்டு

பிப்ரவரி 25, செவ்வாய்

அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய பெட்டியில் இந்த டைரி இருந்தது. சோப்பு, பாதாம், சித்தப்பாவுக்கு ஒரு டார்ச், எனக்கு இது. பேச வராவிட்டால் எழுதவாவது செய் என்று போனில் சொன்னாள். நான் ம் என்றேன்.

என் பெயர் தெக்லா. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் தூரம். ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள், மணி அடிக்கும்வரை நின்றேன். அதற்கும் நான் நின்றதற்கும் சம்பந்தம் இல்லை, தூரம்தான் காரணம்.

இன்று வேலை: நெத்திலி காயப்போட்டது, காக்கா விரட்டியது, சோறு, சாளைக் குழம்பு.

பிப்ரவரி 26, புதன்

நாளை அமாவாசை. அப்பாவும் சித்தப்பாவும் ரொட்ரிகோ மாமாவும் ஆளுக்கொரு வள்ளத்தில் விளக்குகளைக் கட்டிவிட்டார்கள். இருட்டில் கடல்மேல் பெரிய விளக்குகளை எரியவிட்டால் கணவாயும் சாளையும் வெளிச்சத்துக்குக் கூடும், வலையால் வளைத்துவிடலாம். அரசாங்கம் இதைத் தடை செய்திருக்கிறது. எங்கள் ஊர் கமிட்டியும் தடை செய்திருக்கிறது. போன வருஷம் எல்லோரும் மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் நின்று, இனி வெளிச்சம் போட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஊர்த் தலைவர். ஊர்த் தலைவர் ரொட்ரிகோ மாமா.

மூன்று வள்ளமும் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். ஊரில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் நன்றாக மீன்பாடு கிடைத்தால் அம்மா கிறிஸ்துமஸுக்கு வந்து இங்கேயே இருந்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

எனக்கும் இதில் வேலை உண்டு. மாலையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு மாடியில் உட்கார வேண்டும். கடலோரக் காவல் படையின் விமானமோ படகோ வந்தால் வாக்கியின் பொத்தானை இரண்டு முறை தட்ட வேண்டும். அந்தப் பக்கம் டப் டப் என்று கேட்கும், மூன்று பேரும் விளக்கை அணைப்பார்கள். போய்விட்டால் ஒரு தட்டு, மறுபடி எரியும். பேசக் கூடாது, பேசினால் யார் குரல் என்று தெரிந்துவிடும். இதற்கு உன்னை விட்டா ஊர்ல வேற ஆள் கிடையாது என்று அப்பா சொன்னார்.

தினமும் வருகிற பயணிகள் விமானத்துக்குத் தட்ட வேண்டாம். அது கரைக்கு மேலே உயரத்தில் போகும், சத்தமும் வேறு.

பிப்ரவரி 27, வியாழன்

பாடு இல்லை. மேற்கே இடி மின்னல். கடல்பக்கம் மட்டும் ஒரே புழுக்கம், காற்றே இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. விளக்குகள் ஆகாயத்தில் தொங்குவது போல இருந்தன.

தெற்கேயிருந்து காவல் படை விமானம் தாழ்வாக வந்தது. இரண்டு தட்டினேன். அணைந்தது. சத்தம் தள்ளிப்போனதும் ஒன்று தட்டினேன். எரிந்தது. விமானம் வளைந்து திரும்பி வந்தது. மறுபடி இரண்டு. அப்புறம் வடக்கே போய்விட்டது.

கூடின மீனெல்லாம் கலைந்துவிட்டது. அப்பா வெறும் வலையோடு வந்தார். ஆனாலும் நல்ல வேலை பார்த்தட்டி என்றார்.

மார்ச் 1, சனி

டிவியில் எங்கள் கடலைக் காட்டினார்கள். தூத்துக்குடிக்கு வந்த பயணிகள் விமானம் ஒன்று வியாழக்கிழமை மாலை, இடிமழைக்குப் பயந்து கடல்பக்கம் சுற்றி வந்ததாம். அதை ஓட்டிய பெண் விமானி எதிரே மூன்று வெள்ளை வெளிச்சங்களைப் பார்த்தாராம். நேராக மேலே வந்து மோதப்போகிறது என்று விமானத்தைச் சட்டென்று திருப்பியிருக்கிறார். உள்ளே ஒரு பெரியவர் விழுந்து கை முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரிய விமானி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாராம், அவர் எதையும் பார்க்கவில்லை.

வேற்றுக்கிரகவாசிகளா என்று கேட்டு விளம்பரம் போட்டார்கள்.

அப்பா டிவியை அணைத்தார். நான் காவல் படை விமானம் என்றுதான் நினைத்தேன்.

வெங்காயம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து கெபிக்குப் பின்னால் கூட்டம். நாலு ஊர் தள்ளிக்கூட டிவிக்காரர்கள் வந்து கேட்கிறார்களாம். இங்கேயும் வருவார்கள். படகு வெளிச்சம் என்று தெரிந்தால் மீன்வளத் துறை வரும். வெளிச்சம் போடாத நாட்டுப்படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏலத்தில் நம் மீனை எடுக்க மாட்டார்கள். ஒன்றுமே பார்க்கவில்லை என்றாலும் சந்தேகப்படுவார்கள். யாராவது ஒருவர் எதையோ பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், எதுவும் சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பேசியது ரொட்ரிகோ மாமா.

எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"இஞ்ஞாசி மவள நிறுத்துவோம். அவ வாயத் தொறக்க மாட்டா" என்றார் மாமா.

இஞ்ஞாசி என்பது அப்பா. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நல்ல தாவணி கட்டச் சொன்னார்கள். கடலைப் பார்த்து நின்றேன். ஒருவர் மைக்கை வாயருகே நீட்டி, என்ன பார்த்தே, எப்படி இருந்துச்சு, பயந்தியா என்று கேட்டார். பின்னால் ஊரே நின்றது. வாய் உலர்ந்துவிட்டது. நடிக்கவில்லை, எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மைக் நெடுநேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அவருக்கே கை வலித்துவிட்டது.

மாதா கோயில் சாமியாரிடமும் கேட்டார்கள். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இரவுச் செய்தியில் என் முகம். கீழே, மர்ம ஒளியைக் கண்ட அதிர்ச்சியில் பேச்சிழந்த சிறுமி என்று ஓடியது. எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

அம்மா குவைத்திலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். பேச்சு போயிருச்சாமே, ஒரு வார்த்தை பேசு மக்கா என்றாள். ம் என்றேன். அப்பாடா என்றாள்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் அப்பா, சித்தப்பா, ரொட்ரிகோ மாமா ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அடுத்து நான். சாமியாருக்கு இப்போது எல்லாம் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாது. வெளியே வரும்போது தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

கரையில் ஒரே கூட்டம். திருநெல்வேலியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். சுண்டல் கடை, பஜ்ஜிக் கடை, பைனாகுலர் வாடகை. எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். ஒரு சின்னப் பையன் வெள்ளி நட்சத்திரத்தைக் காட்டி அதோ அதோ என்றான், எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் பகலில் கிழிந்த வலையைப் பொத்தினார்கள். நிலா வேறு வளர்ந்துகொண்டே போகிறது. அடுத்த அமாவாசை 29ஆம் தேதி. அதை விட்டால் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் ஒரு அக்கா நின்றிருந்தார். சுடிதார், தோளில் பை, வெயிலில் முகம் சிவந்திருந்தது. பேருந்தில் வந்தாராம்.

"நீதான தெக்லா? நான் மிருதுளா. அந்த ஃப்ளைட்ட ஓட்டினது நான்தான்."

நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். அதற்குள் என்ன செய்வதென்று யோசிக்கலாம் என்று நினைத்தேன். சொம்பு நிரம்பிவிட்டது, யோசனை வரவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவராம். டிவியில் என்னைப் பார்த்ததும், அதைப் பார்த்த இன்னொரு ஆள் இருக்கிறாள் என்று அவருக்குப் போன உயிர் திரும்பியதாம். விமானம் ஓட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மனநல டாக்டரிடம் இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் விசாரணை. இல்லாததைப் பார்த்தவர் என்று எழுதிவிட்டால் அத்தோடு சரி, எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

"படகு வெளிச்சமா இருக்கும்னு சொல்றாங்க. படகு வெளிச்சம் எனக்குத் தெரியாதா? படகு நான் கிட்ட வந்தா அணையாது. நான் போனதும் எரியாது. திரும்பி வந்தா மறுபடி அணையாது." கொஞ்சம் நிறுத்தினார். "தெக்லா, அது எங்களப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

நான் முறுக்கு எடுத்து வைத்தேன்.

அவர் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. நீ பேச வேண்டாம், பாத்தேன்னு மட்டும் தலையாட்டு போதும் என்றார். நான் தலையாட்டினேன். அழுதுவிட்டார்.

அதைத்தான் நான் பார்த்தேன் என்பது பொய் இல்லை.

மார்ச் 15, சனி

அந்த அக்கா வந்ததை அப்பாவிடம் ஊரே சொல்லிவிட்டது. சாப்பிடும்போது அப்பா, பெரிய படிப்பு படிச்சவங்க, அவங்களுக்கு இது இல்லன்னா வேற வேலை கிடைக்கும் என்றார். நமக்கு என்ன கிடைக்கும் என்று சித்தப்பா கேட்டார். கேள்வி யாரைப் பார்த்தும் இல்லை.

குழம்பில் இன்று உப்பு கூடிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

மிருதுளா அக்கா மறுபடி வந்தார். எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தார். கருவாடு திருப்பிப்போட உதவி செய்தார். கையெல்லாம் நாறும் என்று சொல்ல நினைத்தேன். அவரே முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவர் ஐந்தாம் வகுப்பு வரை திக்குவாராம். விமானத்தில் வானொலியில் பேச வேண்டும் என்று தெரிந்ததும், கண்ணாடி முன்னால் நின்று பழகினாராம். அங்க யாரும் உன் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, குரல் மட்டும்தான், அதனால ஈசி என்றார். வாக்கி அடுப்படி அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

இப்போது அவர் டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறார். தூக்கமே போய்விட்டதாம். எங்கே வெளிச்சம் அணைந்தாலும் திடுக்கிடுகிறதாம். வீட்டில் கரண்ட் போனால்கூட.

"என்னவா வேணும்னாலும் இருக்கட்டும். ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

அமாவாசை அன்றைக்கு இன்னொரு முறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே மாதிரி இருட்டில் கடலைப் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா பேசினாள். கிறிஸ்துமஸுக்கு வருவதற்குக் குவைத் வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டாளாம். உனக்கு என்ன வேணும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நீளமாகப் பேசுகிறாயே என்று சந்தோஷப்பட்டாள்.

மார்ச் 26, புதன்

கூட்டம் குறைந்துவிட்டது. சுண்டல்காரர் மட்டும் நம்பிக்கையோடு இருக்கிறார்.

மார்ச் 29, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானமே மூன்று வள்ளத்திலும் விளக்கு ஏறிவிட்டது. அப்பா புறப்படும்போது, அந்தப் பிள்ளை வந்தா மாடிக்கு ஏத்தாத, கீழயே இருக்கச் சொல்லி பஸ் ஏத்தி விட்டுரு என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மிருதுளா அக்கா பொழுது சாயும்போது வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். கடல் தெரியுற மாதிரி இடம் இருக்கா என்று கேட்டார். நான் அலமாரியிலிருந்து வாக்கியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பின்னாலேயே வந்தார்.

அன்றைக்கு மாதிரியே காற்று இல்லை. கடலும் வானமும் ஒட்டிக் கிடந்தன. மூன்று விளக்கும் எரிந்தன. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். படகா என்று கேட்டார். தலையாட்டினேன். இதேதான், ஆனா இது அணையலியே, எரிஞ்சுக்கிட்டே இருக்கே என்றார். குரல் இறங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தினமும் வருகிற விமானம் வந்தது. உயரத்தில், கரைக்கு மேலே, எப்போதும் போல. அதற்குத் தட்டக் கூடாது.

அவர் கையைப் பிடித்து வாக்கியின் மேல் வைத்து, அவர் விரலுக்கு மேல் என் விரலை வைத்து, இரண்டு தட்டினேன்.

மூன்று விளக்கும் ஒன்றாக அணைந்தன.

விமானம் தலைக்கு மேல் போய் வடக்கே இறங்கியது. ஒன்று தட்டினேன். மூன்றும் எரிந்தன.

வாக்கியில் அப்பா குரல் வந்தது. கடலிலிருந்து அவர் பேசியதே இல்லை. "ஏட்டி, அது டெய்லி வாறதுல்லா? எதுக்கு ரெண்டு?"

நான் பதில் தட்டவில்லை. அப்பாவுக்கே தெரிந்திருக்கிறது அது தினமும் வருகிற விமானம் என்று. இருந்தும் நான் தட்டினேன் என்பதற்காக அணைத்திருக்கிறார்.

மிருதுளா அக்கா கருவாட்டுப் பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று இருட்டில் தெரியவில்லை.

"அன்னிக்கும் நீயா?"

தலையாட்டினேன். இருட்டில் தெரியாதே என்று, "ஆமா" என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "உங்க விமானம்னு தெரியாதுக்கா. வழி மாறி வந்துச்சு. சத்தமும் வேற மாதிரி இருந்துச்சு. காவல் படைன்னு நெனச்சேன்."

"நானும் உன்னய வேற என்னமோன்னுதான் நெனச்சேன்" என்றார்.

பிறகு அவரே சொன்னார். விசாரணையில் படகு வெளிச்சம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், யாரோ விமானத்தைப் பார்த்து அணைத்து அணைத்து எரித்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். எந்த ஊர், யார் என்று கேட்பார்கள். "இருட்டுல தெரியலன்னு சொல்லுவேன். அது பொய் இல்லைல்ல?"

கடைசிப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அவர் சுடிதார் முழுக்கக் கருவாட்டு வாடை. நடத்துனர் முகத்தைச் சுளித்தார்.

மார்ச் 30, ஞாயிறு

நல்ல பாடு. வள்ளம் நிறையக் கணவாய். அப்பா நேற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கணவாய் வறுத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

டிவியில் மர்ம ஒளியின் மர்மம் விலகியது என்றார்கள். சட்டவிரோதமாக வெளிச்சம் போட்டு மீன் பிடித்த படகுகள், விமானத்தைக் கண்டு விளக்கை அணைத்திருக்கின்றன. ஊர் பெயர் வரவில்லை. பெண் விமானி பார்த்தது உண்மைதான் என்று விசாரணையில் ஒத்துக்கொண்டார்களாம். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் மறுபடி ஓட்டலாமாம். அவர் படத்தை ஒரு நொடி காட்டினார்கள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

சுண்டல்காரர் தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 7, திங்கள்

மீன்வளத் துறை கரையோர ஊர் எல்லாவற்றுக்கும் போகிறது. இங்கே வருவதற்கு முன்பே எங்கள் ஊர் விளக்குகளெல்லாம் கெபிக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டன. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு மாதாவைக் கும்பிட வந்தார். கும்பிட்டு நிமிர்ந்தபோது தார்ப்பாயைப் பார்த்துவிட்டார்.

எல்லா விளக்கையும் லாரியில் ஏற்றினார்கள். ஜெனரேட்டரையும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஊர்க்கூட்டம். இனி ஒளித்துப் பயனில்லை, சத்தியத்தை மீறியதற்கு மூன்று பேரும் கெபிக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பைச் சொன்னவர் ரொட்ரிகோ மாமா. பிறகு அவரே முதல் ஆளாக எழுந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

அடுத்து, அந்த விமானக்காரப் பிள்ளையிடம் தட்டுகிற விஷயத்தைச் சொன்னது யார் என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சித்தப்பாவைப் பார்த்தார்கள், சாமியாரைக்கூடப் பார்த்தார்கள். அவர் இருமினார். அந்தப் பிள்ளை இஞ்ஞாசி வீட்டுக்குத்தானே வந்து போனது என்று யாரோ சொன்னார்கள்.

"தெக்லாவா? டிவிக்காரனே மைக்க நீட்டி நீட்டிக் கை வலிச்சுப் போனான்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்து ஞாயிறு. அப்பா வெள்ளையடித்துவிட்டு, மீசையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். சோறு போட்டேன். பாதி சாப்பிட்ட பிறகு பேசினார்.

"அன்னைக்கு ரெண்டு தட்டுன. கை தவறிருச்சு, என்னா?"

ஆமா என்று தலையாட்டினால் போதும். அவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா" என்றேன்.

அப்பா மீதிச் சோற்றையும் சாப்பிட்டார். மோர் கேட்டார். கை கழுவிவிட்டு அலமாரியிலிருந்து வாக்கியை எடுத்துச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

அம்மா பேசினாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு இல்லை, அடுத்த கிறிஸ்துமஸ். வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தோஷம் என்றாள். நான் ம் என்றேன். அதன் பிறகு, "நான் ஒண்ணு சொல்லணும்மா" என்றேன். முழுவதும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை இப்ப தூங்குதாளாட்டி?" என்று கேட்டாள்.

தெரியலம்மா என்றேன்.

மே 24, சனி

தடைக்காலம். வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. கடலில் ஒரு வெளிச்சம் இல்லை.

மாடியில் இப்போது எனக்கு வேலை எதுவும் இல்லை. கருவாடு எடுக்கத்தான் போனேன். தினமும் வருகிற விமானம் இன்று கொஞ்சம் தாமதம். எங்கள் ஊருக்கு மேலே வரும்போது அதன் முன்விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. ஒரே ஒரு முறை.

நடுவில் மேகம் வந்திருக்கும்.

ஆகாயத்தை நன்றாகப் பார்த்தேன். மேகம் ஒன்றும் காணவில்லை. இருந்தாலும் மழை வரலாம் என்று கருவாட்டையெல்லாம் உள்ளே எடுத்து வைத்தேன்.